கொத்தனார் கையில் வரும் சிமெண்ட் அரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலை செய்கிறவர்களுக்குக் கையில் அரிப்போ புண்ணோ வந்தால் ‘சிமெண்ட் அரிப்பு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. எது என்று பார்க்காமல் மருந்துக் கடைக் களிம்பைப் பூசிக்கொண்டே போவதால்தான் பலருக்குக் கை ஆறுவதில்லை.

ஒன்று, காரத்தால் வருவது. தண்ணீர் சேர்த்த சிமெண்டின் பி.எச். அளவு, அதாவது காரத்தைக் காட்டும் அளவு, 12-க்கு மேல். தோல் வறண்டு விரல் இடுக்கில் வெடிக்கும். கான்கிரீட் போடும் நாளில் ஈரக் கலவை பூட்ஸுக்குள் இறங்கி அப்படியே கிடந்தால் தோல் வெந்துவிடும். வலி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். இது யாருக்கும் வரலாம்.

மற்றது ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிய அளவில், தண்ணீரில் கரையும் குரோமியம்-6 என்ற உலோக வடிவம் இருக்கிறது. பல வருடம் தொந்தரவே இல்லாமல் பூச்சு வேலை செய்த கொத்தனாருக்கும் இது திடீரென்று தொடங்கும். தொடங்கிய பின் உடம்பு அதை மறப்பதில்லை. கலவை பட்ட ஓரிரு நாளில் கொப்புளமும் நீர்க்கசிவும் திரும்பிவிடும்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்வது பேட்ச் டெஸ்ட். குரோமியம்-6 உள்ள பொட்டாசியம் டைகுரோமேட்டை வாசலினில் கலந்து (ஐரோப்பியச் சோதனைத் தொகுப்பில் 0.5 சதவீதம்) முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு, 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடக் கூடாது. தாமதமாக எழும்பும் தடிப்பு அப்போதுதான் தெரியும். முதுகு நனையவோ வியர்க்கவோ கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியாது. அந்த நாட்களின் கூலியை மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆலையிலேயே இதைத் தடுக்க வழி உண்டு. சிமெண்டில் ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் குரோமியம்-6, தோலுக்குள் எளிதில் புகாத குரோமியம்-3 ஆக மாறும். டென்மார்க் 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. அங்கே கட்டடத் தொழிலாளர்களிடம் குரோமியம் ஒவ்வாமை குறைந்ததை ஆய்வுகள் காட்டின. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கரையும் குரோமியம்-6-க்கு ஒரு கிலோ சிமெண்டில் 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மூட்டை ஈரம் பட்டாலோ நாள்பட்டாலோ அந்த ஃபெரஸ் சல்ஃபேட் வலுவிழக்கும். காரத்தை அது எள்ளளவும் குறைக்காது. ஆகவே கையுறை எப்படியும் வேண்டும்.

அது நைட்ரைல் உறையாக, உள்ளே பருத்தித் துணி வைத்ததாக இருக்கட்டும். வெறும் துணி உறை சாந்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டிவைக்கும். உறை இல்லாததைவிட மோசம். உள்ளே கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கையைக் கழுவி, வேறு உறை போட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது உறைக்கு ஈடாகாது. வேலை முடிந்து கழுவிய பின் தடவினால் வறட்சிக்கு நல்லது. கரண்டி கழுவிய தொட்டியிலேயே கை கழுவுவது பெரிய தவறு, அந்தத் தண்ணீரே காரம். சித்தாள்களுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துவிடுங்கள்.

சோதனையில் குரோமியம் என்று வந்தவர்கள் தோல் கையுறையையும் தோல் செருப்பையும்கூட மாற்ற வேண்டும். தோல் பதனிடவும் குரோமியம்தான் பயன்படுகிறது. வியர்வையில் அது கசியும். சிமெண்டைத் தொடாமல் இருந்தும் பாதத்தில் அரிப்பு நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் செருப்பையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.