பாட்டு முதலில், ஆட்டம் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவில் கதாநாயகி மலையேறிக்கொண்டே பாடுவாள், மூச்சு வாங்காது. பாட்டை முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். இந்த முறைக்கு வழிவிட்ட படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1929இல் ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். வெளியிட்ட 'தி பிராட்வே மெலடி'யைத்தான் சொல்வேன். நாடகமேடையில் பேர் வாங்க வந்த அக்கா தங்கையின் கதை. சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது.

அப்போது பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாகும். வாத்தியக்காரர்கள் கேமராவில் விழாமல் அதே செட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கேமரா ஓடும் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்பதால், கேமராவையும் கேமராமேனையும் ஒரு கூண்டுக்குள் அடைத்து, கண்ணாடி வழியாகப் படமெடுத்தார்கள். உள்ளே வெக்கை தாங்காது. கேமரா இஷ்டப்படி நகரவும் முடியாது.

படத்தில் பொம்மைக் கல்யாணம் என்று வண்ணத்தில் எடுத்த நடனம் ஒன்று உண்டு. இன்று அது கறுப்பு வெள்ளையில்தான் கிடைக்கிறது. எடுத்ததைப் பார்த்த தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்குக்குத் திருப்தியில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். ஒலிப்பதிவுத் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் யோசித்தார். குறை ஆட்டத்தில்தானே, பாட்டு நன்றாகத்தானே இருக்கிறது? வாத்தியக்காரர்களை மறுபடி கூப்பிடுவானேன்? பதிவான பாட்டையே ஒலிபெருக்கியில் போட்டு ஆடவைத்தார்கள். புதிய படத்தோடு பழைய ஒலியைச் சேர்த்தார்கள்.

செட்டில் மைக் வேண்டாம். மைக் இல்லையென்றால் கூண்டும் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், கூண்டு வேண்டாம்! செலவு மிச்சம் என்று செய்தது கேமராவுக்குக் கால் கொடுத்தது.

ஆனால் வேகம் பிசகக் கூடாது. பேசும்படத்துக்கு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பாட்டை ஒலிக்கவிடும் கருவியும் கேமராவும் நூற்றில் ஒரு பங்கு விலகி ஓடினாலும், ஒரு நிமிஷப் பாட்டின் முடிவில் 14 பிரேம் தள்ளிப்போகும். அரை விநாடிக்கும் மேல்! உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ஒலிபெருக்கி வைக்கும் இடமும் முக்கியம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 14 மீட்டர் தள்ளி ஆடுபவருக்குப் பாட்டு ஒரு பிரேம் தாமதமாகக் கேட்கும், 28 மீட்டரில் இரண்டு. கூட்ட நடனத்தில் பின்வரிசை தாளம் பிரிவது இதனாலும்தான்.

நேரம் நெருங்கிவிட்டது, நம் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தமிழ்ப் பேசும்படம் 1931இல் வந்தது. நடிப்பவர்களே மைக் முன் பாடினார்கள். ஒருவர் நடிக்க இன்னொருவர் குரல் கொடுத்தது, 1938இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில். நன்றி, வணக்கம்.