கைமாற்ற முடியாத வாள்

நேயர்களுக்கு வணக்கம். ரோமானிய ஆளுநரின் பதிலாளாக வேலை பார்த்த ‘லெகாட்டஸ்’ பற்றி இன்று பேசுகிறேன்.

ஆசியா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி அது. கி.மு. 27-இல் அகஸ்டஸ் செய்த ஏற்பாட்டின்படி, அங்கே புரோகான்சலாக, அதாவது ஆளுநராக, வருபவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், பதவி ஓராண்டுக்குத்தான். எபேசு, பெர்கமோன், சிமிர்னா, சார்திஸ் என ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்க வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமில்லை. அதனால் மூன்று லெகாட்டஸ்கள் உடன் வந்தார்கள்.

லெகாட்டஸுக்குச் சொந்த அதிகாரம் கிடையாது. புரோகான்சல் ஒப்படைத்தால்தான் அவர் வழக்கு விசாரிக்கலாம். எப்போது ஒப்படைப்பது என்பதில்தான் சிக்கல் வரும். மாகாண எல்லைக்குள் கால்வைத்த பிறகே புரோகான்சலுக்கு அந்த அதிகாரம் கைக்கு வருகிறது. அதற்கு முன்பே கொடுத்தால், தன்னிடம் இல்லாததைக் கொடுத்ததாகும் என்கிறார் சட்ட அறிஞர் உல்பியன். அப்படி அவசரப்பட்டுக் கொடுத்திருந்தாலும், உள்ளே வந்தபின் அவர் மனம் மாறாமல் இருந்தால், நுழைந்த நாளிலிருந்து அது செல்லும். முந்தைய நாள்களுக்குச் செல்லாது.

கைமாற்றாக வாங்கியதை லெகாட்டஸ் இன்னொருவருக்குக் கைமாற்றிவிட முடியாது. பதவியின் இயல்பால் சொந்தமாக அதிகாரம் உள்ளவரே பிறரிடம் ஒப்படைக்கலாம் என்பது முன்னோர் வழக்கம். கொடுத்தவர் இறந்துவிட்டால்? விசாரணை தொடங்காத வழக்கில் ஒப்படைப்பும் அவரோடு முடிந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வாளதிகாரம், அதாவது மரண தண்டனை விதிக்கும் உரிமை. அதைப் புரோகான்சலே விரும்பினாலும் கைமாற்ற முடியாது. சிறையில் இருப்பவர்களை முன்கூட்டியே விசாரிக்கும் பொறுப்பை லெகாட்டஸிடம் விடுவது வழக்கம்தான். ஆனால் அவர் விசாரித்து ஆளுநரிடம் அனுப்பலாம், அவ்வளவே. குற்றமற்றவர் என்று தெரிந்தாலும் தாமே விடுதலை செய்ய அவருக்கு உரிமையில்லை. உயிர் பற்றிய முடிவு ஒரே கையில் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு இதில் தெரிகிறது. அதற்கு விலையும் உண்டு: ஆளுநர் வேறு ஊரில் இருந்தால், நிரபராதியும் காத்துக் கிடக்கத்தான் வேண்டும்.

மற்ற வழக்குகளில் லெகாட்டஸின் தீர்ப்புப் பிடிக்காதவர் புரோகான்சலிடமே மேல்முறையீடு செய்யலாம். லெகாட்டஸிடம் கொடுத்ததைத் திரும்பப் பெறவும் புரோகான்சலுக்குச் சட்டம் இடம் தந்தது. ஆனால் பேரரசரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.