சாக்குத் தடம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். வீட்டைப் புதுப்பிக்க நினைத்தால் சுவருக்கு எந்த வண்ணம், சமையலறை மேடைக்கு எந்தக் கல் என்று மாதக்கணக்கில் யோசிக்கும் நாம், வேலை நடக்கும் நாட்களில் தரையின் மேல் எதை விரிப்பது என்பதை மட்டும், கொத்தனார் வந்து இறங்கும் காலையில்தான் நினைத்துப் பார்க்கிறோம். அப்போது கைக்கு அகப்படுவது பழைய சாக்கு. புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், அந்தச் சாக்கைப் பற்றித்தான் முதலில் பேச விரும்புகிறேன்.

வைசியாள் வீதியில், திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு வீடு. கூடத்தில் பூப்போட்ட சிமெண்ட் ஓடுகள். ஆத்தங்குடிக் கற்களைப் போலவே இவையும் சூளையில் சுடப்படுவதில்லை; அச்சில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்பவை. மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாததால் எந்த ஈரம் பட்டாலும் குடித்துவிடும். அது ஐப்பசி மாதம் என்பதை மறந்து, மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரையின், அதாவது மெட்ராஸ் ஒட்டுத் தளத்தின், ஒரு மூலையை நான் பிரித்துவிட்டிருந்தேன். தரையில் சணல் சாக்குகளை இரட்டையாக விரித்து, உளி விழுந்தாலும் தாங்கும் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன். இரவு மழை பிடித்துக்கொண்டது. மறுநாளே சாக்கை எடுத்திருக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று மூன்று நாள் விட்டேன். எடுத்துப் பார்த்தபோது, பால்நிற ஓடுகளின் மேல் சணலின் குறுக்கிழையும் நெடுக்கிழையும், விரலால் எண்ணிவிடலாம் என்னும்படி, பழுப்பாகப் பதிந்திருந்தன.

“தம்பி, எங்க மாமியார் காலத்துலேர்ந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்ச தரைப்பா இது” என்றார் வீட்டுக்கார அம்மாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்றார். ஆசிட் கறையோடு நிற்காது, சிமெண்டையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதால், அந்த ஒன்றையாவது தடுத்தேன். எத்தனை தேய்த்தும் முழுதாகப் போகாத அந்தத் தடம் இன்னமும் ஊஞ்சலுக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல் அந்த அம்மாள் பாய் விரித்து வைத்திருக்கிறார். நான் போகும் நாளில் மட்டும் பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறாரோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

ஆகவே, விரிப்பு எவ்வளவு தடிமன் என்று கேட்பதற்கு முன்னால், அது நனைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நெளி அட்டை, பெயிண்ட் அடிப்பது போன்ற, தண்ணீர் புழங்காத வேலைக்கு மிகவும் நல்லது. ஆனால் ஒரு வாளி தண்ணீர் கவிழ்ந்தால் கூழாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் பாலித்தீன் தாள் போதுமே என்பீர்கள். அது மேலிருந்து வரும் நீரைத் தடுக்கும். கீழிருந்து எழும் ஈரத்தையும் போகவிடாது. புதிதாகப் பதித்த கிரானைட்டையோ மார்பிளையோ அடியிலுள்ள கலவை காயும் முன்பே பாலித்தீனால் மூடினால், கல்லில் கருந்திட்டுகள் எழும். வெறும் பாலித்தீன் காலுக்கு வழுக்கும் என்பதையும் சித்தாள் பெண்கள் தலையில் சட்டியோடு நடப்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மார்பிள் பதித்த வீடுகளில் பாலித்தீன் விரித்து, அதன்மேல் துணியோ சாக்கோ போட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்துப் பூசுவது வழக்கம். பல மாதம் தச்சுவேலை நடக்கும் இடத்துக்கு இது ஏற்றது. பாலித்தீனை ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி விரிக்காவிட்டால், கரைசல் இடுக்கில் இறங்கி, ஓட்டின் இணைப்புகளில் வெள்ளையாக உறைந்துவிடும்.

எந்த விரிப்பானாலும் ஒன்றைச் சொல்லிச் சொல்லி என் ஆட்கள் என்னைக் கேலி செய்வதுண்டு: முதலில் பெருக்குங்கள். கடலோரத்தில் இருக்கும் நமக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. மணலில் பெரும்பகுதி படிகக்கல். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் அதற்கு 7, மார்பிளுக்கு 3. விரிப்பாகப் போட்ட பிளைவுட் ஒட்டுப்பலகைக்கு அடியில் சிக்கிய ஒரே ஒரு மணல், மேலே நடக்கும் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கீறல் போடும். விரிப்பு இல்லாதிருந்தால்கூட அந்த மணல் காலோடு வெளியே போயிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, தரை உலர்ந்த பிறகே விரியுங்கள். ஆம், பெருக்கிய பிறகு துடைக்கவும் வேண்டும்.

சவுக்குக் கழியில் சாரம் கட்டினால், ஒவ்வொரு கழியின் அடியிலும் பலகைத் துண்டு வையுங்கள். பாரம் முழுதும் அந்த ஒரு புள்ளியில்தான் இறங்குகிறது. ஜன்னல் கம்பியை வீட்டுக்குள் அறுக்க விடாதீர்கள். பறக்கும் இரும்புத்தூள் நம் உப்புக் காற்றில் ஓரிரு நாளிலேயே துருவேறி, தரையில் செம்புள்ளிகளாக நின்றுவிடும். ஒட்டுநாடாவை விரிப்போடு விரிப்பாக ஒட்டலாம், தரையோடு ஒட்டினால் அதன் பசை மிஞ்சும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். மரத்தரையைப் பற்றியும் செலவைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தவற்றை விட்டுவிட்டு, மாடிப்படியை மட்டும் சொல்லிவிடுகிறேன். படியில் முதலில் உடைவது விளிம்புதான். எனவே நெளி அட்டையை மடித்து விளிம்பைச் சுற்றிக் கட்டுங்கள். படியின் மேல் தளர்வான துணியையோ தாளையோ மட்டும் விரிக்காதீர்கள். சுமையோடு இறங்குகிறவருக்குத் தன் காலடி தெரியாது. நன்றி, வணக்கம்.