கூட வேலை செய்றவர் செஞ்ச தப்ப மேல சொல்றது கடமைதான்: பட்டிமன்றத்துல நான் பேசுனது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி தங்கச்சி, தம்பிமாரே, நம்ம தேயிலைத் தோட்டத்து பொங்கல் விழாவுக்கு மேல் டிவிசன்ல இருந்து பனியையும் பாக்காம எறங்கி வந்திருக்கிற அம்மாமாரே, பெரியம்மாமாரே, எல்லாத்துக்கும் வணக்கம்.

கூட வேலை செய்றவர் தப்பு செஞ்சா அத மேலிடத்துக்கு சொல்றது கடமையா, துரோகமா? இதுதான் தலைப்பு. எதிரணி தங்கச்சி நல்லா பேசுனாங்க, கை தட்டுனதுல நானும் ஒருத்தன். அவங்க சொன்னது, ஒருத்தர பத்தி தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட போயி சொன்னா அவரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துரும், மொதல்ல அவருகிட்டயே கதைக்கணும், அதுக்கு மேல வாய மூடிக்கிட்டு நம்ம வேலைய பாக்கணும், இல்லாட்டி நமக்கு எட்டப்பன்னு பேரு வரும். அந்த பேரு எனக்கு ஏற்கனவே வந்திருச்சு தங்கச்சி. அதனாலதான் இந்த பக்கம் உக்காந்திருக்கேன்.

2021 மார்ச் மாசம் தோட்டத்து நாள் சம்பளம் 1000 ரூவான்னு இலங்கை அரசாங்க வர்த்தமானியில வந்திச்சு, எத்தன வருச போராட்டம் அது, இங்க உள்ளவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அது வந்த கையோட நெறைய தோட்டத்துல ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து கிலோவ கூட்டுனாங்க. நான் அப்பதான் ஒரு தோட்டத்துல கணக்கப்புள்ள வேலைக்கு, அதான் கொழுந்து நிறுத்து கணக்கு எழுதுற வேலைக்கு, புதுசா சேந்திருந்தேன். எங்க தோட்டத்துல 18 கிலோ எடுத்தா முழுப்பேரு, அதான் முழு நாள் சம்பளம், எடுக்காட்டி அரைப்பேரு, 500 ரூவா. அதுக்கு மேல எடுத்தா கிலோவுக்கு 40 ரூவா. ஏற்கனவே சாக்குக்கு கழிவு, மழைத்தண்ணிக்கு கழிவுன்னு வெட்டுறது வேற.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நாங்க ரெண்டு பேரு. நான் தராசு முள்ள பாத்து சத்தமா சொல்லுவேன், என்கூட இருந்த அண்ணன் புத்தகத்துல எழுதுவாரு. எனக்கு வேலைய கத்துக் குடுத்தவரே அவருதான், எங்க அப்பா நுவரெலியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கேக்காமலே காசு கொண்டாந்து குடுத்தவரு. ஒருநாள் அவரு அவசரமா கெளம்பிட்டாரு, புத்தகத்துல உள்ளத செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, ஏத்துற வேல என் தலையில விழுந்திச்சு. எங்க லயத்து பெரியம்மா ஒருத்தவங்க பேர்ல பாக்கிறேன், காலையில 5, மத்தியானம் 7, அந்திக்கு 5, மொத்தம் 17ன்னு இருக்கு. ஆனா காலையில 6ன்னு சொன்னது என் வாய், மத்தியானம் 8ன்னு சொன்னதும் என் வாய், ஏன் ஞாபகம் இருக்குன்னா அன்னிக்கு மழையில அவங்க இடுப்புல கட்டுற படங்கு நனைஞ்சு கையெல்லாம் வெறச்சுப் போயி, எட்டுன்னு நான் சொன்ன ஒடனே அப்பாடான்னு சிரிச்சாங்க. அந்த ரெண்டு கிலோ எங்க போச்சுன்னா, அண்ணனோட மச்சான் பொஞ்சாதி பேர்ல மேல் கிலோவா ஏறியிருக்கு.

கணக்கு பாருங்க நடுவர் ஐயா. அண்ணன் வீட்டுக்கு கெடச்சது 80 ரூவா. பெரியம்மா எடுத்தது 19 கிலோ, அவங்க எழந்தது அரைப்பேரு 500 ரூவா, மேல் கிலோ ஒண்ணுக்கு 40 ரூவா, மொத்தம் 540 ரூவா. அந்த 500க்கு நிர்வாகம் கட்ட வேண்டிய 12 வீதம் ஈபிஎஃப், அதான் ஊழியர் சேமலாப நிதி, 60 ரூவா, 3 வீதம் ஈடிஎஃப், ஊழியர் நம்பிக்கை நிதி, 15 ரூவா, அதுவும் சேந்து போச்சு. வயசாகி வேலைய விட்டு நிக்கிறப்ப கைக்கு வர்ற காசு அது. எண்பது ரூவாவுக்காக.

நான் என்னா செஞ்சேன்? மூணு மாசம் மேலிடத்துக்கு ஒண்ணும் சொல்லல. இத இந்த மேடையில சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா சொல்லித்தான் ஆகணும். நல்ல மனுசன், புள்ளகுட்டிக்காரன், நமக்கு ஒதவுனவருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எதிரணி சொன்ன மாதிரி அவருகிட்ட நேரா கதைச்சும் பாத்தேன், கைய புடிச்சுக்கிட்டு இனி செய்ய மாட்டேன் தம்பின்னாரு, ரெண்டு வாரம் சரியா எழுதுனாரு, மூணாவது வாரம் பழையபடி. நேர்ல கதைக்கிறது நல்லதுதான், வேணாங்கல. கதைச்சும் நிக்காட்டி என்னா செய்றது, அதத்தான் நீங்க சொல்லவே இல்ல தங்கச்சி.

அப்பதான் எனக்கு ஒண்ணு ஒறைச்சது. அண்ணன மன்னிக்க நான் யாரு? அந்த கிலோ என்னோடதா? என் கூடையில இருந்து போயிருந்தா நான் விட்டுக் குடுக்கலாம், அது என் பெருந்தன்மை. அடுத்தவ வேர்வைய தூக்கி வச்சு நான் எப்புடி பெருந்தன்மை காட்டுறது?

எட்டப்பன்னு சொன்னீங்களே, கதையில வர்ற எட்டப்பன் எதுக்கு சொன்னான், வெள்ளக்காரன்கிட்ட கூலி வாங்குறதுக்கு சொன்னான். எழந்தவங்களுக்காக போயி சொல்றவனையும் கூலிக்கு சொன்னவனையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவர் பத்து நிமிசம் லேட்டா வந்தத போயி சொல்றவன நானும் ஆதரிக்கல, அது கோள். ஆனா தேயிலை ஸ்டோர்ல ஒருத்தர் தண்ணிய போட்டுட்டு ரோலர் மெசின்ல நிக்கிறாருன்னா? அவரு கையோ பக்கத்துல நிக்கிற புள்ளயோட கையோ போனதுக்கு அப்பறம் கூட்டாளின்னு விட்டேன்னு சொல்லுவீங்களா?

நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல தோட்டத்துக்கு ஆள் சேத்து வேல வாங்குன பெரிய கங்காணி ஒரு புத்தகம் வச்சிருந்தாரு. யாரு எவ்வளவு கடன்னு அவரு எழுதுனதுதான் கணக்கு, எழுதப் படிக்க தெரியாத சனம் அத மறுத்துக் கதைக்க ஏலாது, கடன் தீராம துண்டு, அதான் போகலாம்னு குடுக்கிற சீட்டு, கெடைக்காது, துண்டு இல்லாம வேற தோட்டத்துக்கு போக ஏலாது. அந்த துண்டு முறைய 1921ல சட்டம் போட்டுத்தான் ஒழிச்சாங்க. அந்த புத்தகத்துல பொய் ஏறுனப்ப பக்கத்துல நின்னு பாத்தவங்க எத்தன பேரு இருந்திருப்பாங்க, அவங்களும் நம்ம சனம்தான், அவங்களும் நமக்கு எதுக்கு வம்புன்னுதான் நின்னிருப்பாங்க. இன்னிக்கு அந்த புத்தகம் நம்ம புள்ளைகள் கையில இருக்கு ஐயா, அதுலயும் பொய் ஏறுனா நான் யாருகிட்ட போயி அழறது.

குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்னீங்க. சொல்றவன் தீர்ப்பு குடுக்கிறதில்ல, விசாரிங்கன்னு கேக்கிறான், அவ்வளவுதான். குத்தம் சாட்டுனா கடிதம் குடுத்து விளக்கம் கேட்டு விசாரணை வைக்கிறதுதான் முறை, அநியாயமா வேலைய விட்டு தூக்கிட்டாங்கன்னு தோணுனா 6 மாசத்துக்குள்ள தொழில் நியாய சபைக்கு போகலாம். லஞ்ச விசயமா இருந்தா 2023ல வந்த ஊழல் எதிர்ப்பு சட்டம் தனியார் கம்பெனிக்கும் பொருந்தும், தகவல் குடுக்கிறவங்களுக்கு பாதுகாப்பு அதுல எழுதியே இருக்கு, லஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954ன்னு போன் நம்பர அடிச்சு சொல்லலாம். இதெல்லாம் நம்ம ஊர்ல முழுசா நடக்குதான்னா நடக்கல, அதுக்காக வாய மூடுனா எப்பதான் நடக்கும்?

நான் எழுதித்தான் குடுத்தேன். வாயால சொல்லல, தேதி போட்டு, நான் சொன்ன கிலோ, புத்தகத்துல எழுதுன கிலோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பெரிய கிளாக்கர் கையில குடுத்து ஒரு காப்பியில கையெழுத்தும் வாங்கிக்கிட்டேன். விசாரணையில அண்ணன் நான் பொய் சொல்றேன்னாரு. அப்பதான் பெரியம்மா சொன்னாங்க, எங்க வீட்டு அடுப்படிய வந்து பாருங்கன்னு. போயி பாத்தா, சுவத்துல கரிக்கோடு, ஒரு கிலோவுக்கு ஒரு கோடு, ஒவ்வொரு நாளும் நான் சத்தமா சொன்னத மனசுல வச்சுக்கிட்டு வந்து அடுப்புக்கரியால போட்டிருக்காங்க. எண்ணுனோம், என் கடிதத்துல இருந்த நாளெல்லாம் அப்புடியே ஒத்துப் போச்சு. சம்பளத்தன்னிக்கு கொறையுறப்ப எல்லாம், எழுத்து தெரியாதவ நான்தான் தப்பா கோடு போட்டுட்டேன்னு தன்னையே திட்டிக்கிட்டாங்களாம்.

அண்ணன் வேல போகல. வேற டிவிசனுக்கு மாத்துனாங்க, பெரியம்மாவுக்கும் இன்னும் நாலு பேருக்கும் விட்டுப்போன பேரு சேந்திச்சு. எனக்கு நட்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லயம் முழுக்க பத்திரிகை வந்திச்சு, எங்க வீட்டுக்கு வரல. அந்த புள்ளய நான் தூக்கி வளத்தவன்.

நேரம் முடியுதுன்னு நடுவர் ஐயா மணிய தூக்கிட்டாரு, ஒண்ணே ஒண்ணு. காசு வந்த அன்னிக்கு பெரியம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு, ஒனக்கு எப்ப தெரியும் தம்பின்னு கேட்டாங்க. மூணு மாசமா தெரியும்னேன். கொஞ்ச நேரம் என் மொகத்தையே பாத்தாங்க, அப்பறம், தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் எனக்கு கிலோ சொன்னன்னு கேட்டாங்க.

நன்றி, வணக்கம்.