முடிக்கு முன்னால் எலும்பு

(வளர்ப்புப் பிராணிகளை வரைவது குறித்து, மதுரையில் ஓவியம் பயிலும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் எடுத்த நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. எருமைகளைக் காத்து நின்று மாண்ட ஒரு வீரனுக்கான கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செல்லப் பிராணியைப் படமாக்குவது நேற்று வந்த நாகரிகம் என்று யாராவது சொன்னால் இந்தக் கல்லைக் காட்டுங்கள்.

உங்களிடம் படம் கேட்டு வருகிறவரும் இதையேதான் கேட்கிறார். "ஒரு சிப்பிப்பாறை நாய் வரைந்து கொடுங்கள்" என்று யாரும் வருவதில்லை. "எங்க மணியை வரைஞ்சு கொடுங்க" என்றுதான் வருவார்கள். மணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் கற்பனை வேலை முழுவதும். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே அதில் பாதி முடிந்துவிட வேண்டும்.

வீடியோ பார்த்துக் கற்றவர்கள் முதலில் முடி போடத்தான் கற்கிறார்கள். கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் மாதிரி அடர்ந்த முடி உள்ள நாய்களுக்கு அது உதவும். மதுரைக்குத் தெற்கே இறங்கினால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. மேற்கே போனால் கோம்பை. இந்த நான்கு நாட்டு நாய் இனங்களுக்கும் உடலோடு ஒட்டிய குட்டை முடி. கன்னத்தெலும்பு, நெற்றிப் பள்ளம், விலா, தொடை நரம்பு எல்லாம் வெளியே தெரியும். இந்த நாய்கள் மேல் மெல்லிய கோடுகளாக முடி இழுத்தால், ஓட்டத்துக்குப் பிறந்த நாய் சாக்குப்பை போலத் தொங்கும். மாணவர் படங்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

ஆகவே எலும்பைப் படியுங்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் ஸ்டப்ஸ் குதிரை ஓவியத்தில் பெயர் பெற்றவர். அவர் பல மாதங்கள் குதிரைகளை அறுத்து, தசையையும் எலும்பையும் அடுக்கடுக்காக வரைந்து பார்த்து, 1766-இல் அந்தப் படங்களை வெளியிட்டார். நமக்கு அறுப்பு வேண்டாம், விரல் போதும். உரிமையாளர் அனுமதியோடு நாயின் தலையைத் தடவிப் பாருங்கள். புருவ மேடு எங்கே தொடங்குகிறது, காது மண்டையில் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது, மூக்குப் பாலம் நேராக இறங்குகிறதா, சற்று வளைகிறதா என்று பாருங்கள். பிறகு பென்சிலை நீட்டி மூன்று அளவு எடுங்கள்: இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு நடுவே எவ்வளவு, கண்முனையிலிருந்து மூக்கு நுனிவரை எவ்வளவு, கண்ணிலிருந்து பின்மண்டைவரை எவ்வளவு. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் நிறம் கொஞ்சம் தப்பினாலும் வீட்டார் அடையாளம் கண்டுகொள்வார்கள். இவை தப்பினால் எத்தனை அழகாகத் தீட்டினாலும் அது வேறு நாய்.

கண்ணில் ஒரு எச்சரிக்கை. மனிதக் கண் வரைந்து பழகிய கை, நாயின் விழியைச் சுற்றி வெள்ளையை விட்டுவிடும். நேராகப் பார்க்கும் நாயிடம் அந்த வெள்ளை அநேகமாகத் தெரியாது. தெரியும்படி வரைந்தால் பயந்த மனித முகம் வந்துவிடும். மேல் இமையின் நிழல் விழியின் மேற்பகுதியில் விழுவதால் அங்கே ஒரு படி இருட்டு வேண்டும். ஒளிப்புள்ளி ஒரு பக்கம் என்றால் அதன் எதிர்ப்பக்கக் கீழ்விளிம்பு சற்றே வெளிச்சமாக இருக்கும். விழியின் நடுவே உள்ள கண்பாப்பா, நாய்க்கு வட்டம், பூனைக்குப் பகலில் செங்குத்துக் கீற்று, ஆட்டுக்கும் மாட்டுக்கும் படுக்கை வாட்டம்.

இப்போது வெள்ளை நாய். 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் படமும் அதுதான், அதிகம் கெடுவதும் அதுதான். டைட்டானியம் ஒயிட்டைக் குழாயிலிருந்து நேராகப் பூசினால் உருவம் தட்டையாகிவிடும். அதற்குமேல் ஏற்ற வெளிச்சம் உங்களிடம் மிச்சம் இருக்காது. முதலில் கேன்வாஸை நடுத்தரச் சாம்பல் நிறத்தில் பூசிக் காயவிடுங்கள். நிழலுக்கு வெள்ளையோடு அல்ட்ராமரைன் ப்ளூவும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் சேருங்கள். வெயில் படும் இடத்துக்கு வெள்ளையில் துளி எல்லோ ஓக்கர். கலக்காத வெள்ளை நெற்றி மேட்டிலும் மூக்குப் பாலத்திலும் கடுகளவு போதும். சிவப்பு ஆக்சைடு தரையில் நிற்கும் நாயின் வயிற்றிலும் தாடையடியிலும் செம்மை ஏறியிருக்கும். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் பச்சை ஏறும். அதைக் கூச்சமில்லாமல் போடுங்கள். அந்த நாய் அந்த வீட்டில் நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. மூக்கின் இளஞ்சிவப்புக்கு ரோஸ் மட்டும் போட்டால் பொம்மை மூக்காகிவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கொஞ்சம் சேர்த்து அடக்குங்கள்.

கன்னி நாயின் கறுப்புக்கு இதே விதியைத் திருப்பிப் போடுங்கள். குழாய்க் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் அம்பரும் கலந்த கறுப்பில் முதுகு மேல் விழும் வானத்தின் நீலம் இயல்பாகப் பொருந்தும்.

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் காளைப் படம் கேட்டு வருவார்கள். அவர்களிடம் திமில் உயரத்தையும் கொம்பு வளைவையும் விட முதலில் சுழியைக் கேளுங்கள். நெற்றியிலும் முதுகிலும் முடி சுழிக்கும் இடத்தை வைத்தே மாட்டை எடைபோடுகிறவர்கள் அவர்கள். சுழி இரண்டு விரல் தள்ளி விழுந்தால் படத்தை வாங்க மாட்டார்கள். அவர்கள் மறுப்பது முற்றிலும் நியாயம்.

இங்கேதான் போட்டோ காலை வாரும். பல போன்களில் முன்பக்கக் கேமரா எடுக்கும் படம் கண்ணாடிபோல் இடவலம் மாறிப் பதியும். இடக்கண் மேலிருந்த திட்டு வலக்கண் மேல் போய்விடும். கழுத்துப் பட்டையில் ஏதாவது எழுத்து இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். முகத்தருகே போனைக் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி, நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், விழிக்குப் பின்னாலுள்ள பிரதிபலிக்கும் படலத்தால் கண் பச்சையாக எரியும். இறந்துபோன பிராணி என்றால் இருப்பதை வைத்துத்தான் வரைய வேண்டும். அப்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். ஒளிக்கு ஒரே ஒரு போட்டோவை நம்புங்கள், மற்றவற்றை அடையாளங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படங்களின் வெளிச்சம் ஒரே முகத்தில் கலந்தால் மண்டை உடைந்ததுபோல் தெரியும். எந்தக் காது மடியும், நாக்கு எந்தப் பக்கம் சரியும் என்று வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகளையும் கேளுங்கள். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் சொல்வார்கள்.

பென்சில் கட்டத்திலேயே உரிமையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். காதைப் பென்சிலில் மாற்ற ஐந்து நிமிடம், பெயிண்ட்டில் மாற்ற ஒரு நாள்.

கடைசியாக, நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் அக்ரிலிக் பெயிண்ட் கலக்கும் தட்டிலேயே தோல் கட்டிவிடும். மூடியுள்ள டப்பாவில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் கலந்துகொள்ளுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை அதிகம் ஊற்றினால் படம் பிசுபிசுப்பாகவே கிடக்கும். அக்ரிலிக் காய்ந்தபின் சற்றுக் கறுக்கும் என்பதால், நேற்றைய நிறத்தோடு பொருத்தும்போது ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள். ஆயில் பெயிண்ட் என்றால் அடியில் மெலிதாகவும் மேலே போகப்போக எண்ணெய் கூடியும் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னால் வெடிக்கும். பிறந்த நாளுக்கு வேண்டும் என்று பத்து நாள் தவணை கொடுப்பவருக்கு ஆயிலை ஒத்துக்கொள்ளாதீர்கள். தையில் முடித்த ஆயில் படத்துக்கு ஆடியில்தான் வார்னிஷ். அதை ஒப்படைக்கும் அன்றே சொல்லி, முடித்த தேதியையும் பிராணியின் பெயரையும் கேன்வாஸின் பின்புறம் எழுதிக் கொடுங்கள்.