தாமதமாக வந்த துப்பறிவாளர்: பீட்டர் ஃபால்க்

[திரையில்: பெரிய பங்களா ஒன்றின் வரவேற்பறை. கதவு மூடும் சத்தம்.]

போலீஸ்காரர் கிளம்பிப் போய்விட்டார். கசங்கிய மழைக்கோட்டு, விரலிடுக்கில் பாதி எரிந்த சுருட்டு, வாய் நிறைய மன்னிப்பு. இந்த ஆளுக்கு எதுவும் பிடிபடாது என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். கொலை செய்தது அவர்தான், அது நமக்கும் தெரியும். நிம்மதியாக மூச்சுவிட்டு மதுக் கோப்பையை நோக்கிக் கை நீட்டுகிறார். மூடிய கதவு மறுபடி திறக்கிறது. கோட்டு முதலில் எட்டிப் பார்க்கிறது, அப்புறம் தலை. இன்னும் ஒரே ஒரு விஷயம், ஐயா...

[திரையில்: தலைப்பு]

கொலம்போ. கொழும்பு இல்லை, அது வேறு. இவர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் துப்பறிவாளர், லாஸ் ஏஞ்சலஸ் போலீசின் லெஃப்டினன்ட் கொலம்போ. இந்த வேடத்தை 1968 முதல் 2003 வரை, இடையில் பத்தாண்டு போல ஒரு இடைவெளி விட்டு, ஒரே நடிகர் செய்தார். பெயர் பீட்டர் ஃபால்க். அவருடைய தொழில் வாழ்க்கையை அடிக்கடி புரட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சங்கதிதான்: இந்த மனிதர் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

சரி, முதலிலிருந்து வருவோம்.

1927 செப்டம்பரில் நியூயார்க்கில் பிறந்தார். மூன்று வயதில் வலது கண்ணில் புற்றுநோய். கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். நாம் பார்த்த அந்தச் சாய்ந்த தலை, சுருக்கிய பார்வை எல்லாம் அங்கிருந்து வந்தவை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் கூனிக்குறுகி வளரவில்லை. பள்ளி பேஸ்பால் ஆட்டத்தில் ஒருமுறை நடுவர் அவரை அவுட் என்று சொல்லிவிட்டார். இவருக்குச் சம்மதமில்லை. கண்ணாடிக் கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டி, எனக்கு இருப்பதைவிட உங்களுக்குத்தான் இது தேவை என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். ஃபால்க் பேட்டிகளில் விரும்பிச் சொன்ன கதை இது. கொஞ்சம் மெருகு ஏற்றியிருப்பார். ஏற்றட்டுமே.

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். ஒற்றைக் கண் என்பதால் ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. வணிகக் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். அங்கே கண்ணைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கப்பலில் கண் தெரிய வேண்டியது கேப்டனுக்கு மட்டும்தான், டைட்டானிக்கில் அவருக்கே சரியாகத் தெரியவில்லையே என்று பின்னாளில் கிண்டலடித்தார்.

அப்புறம் படிப்பு. 1953இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவுக்கு விண்ணப்பம் போட்டார், கிடைக்கவில்லை. கிடைத்தது கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில், ஹார்ட்ஃபோர்டு நகரத்தில். அரசு வேலைகளில் நேரமும் பணமும் வீணாகாமல் செய்வது எப்படி என்று யோசனை சொல்லும் நிபுணர் பதவி. முதல் நாள் காலையில் அந்த நிபுணருக்குத் தன் அலுவலகக் கட்டடம் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தாமதமாகப் போனார்.

[திரையில்: ஹார்ட்ஃபோர்டிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்குப் போகும் சாலை, வரைபடம்.]

நடிப்பு அப்போது வெறும் பொழுதுபோக்கு. உள்ளூர்க் குழுவில் நாடகம் போடுவார். வெஸ்ட்போர்ட்டில் ஈவா ல காலியென் என்ற பெரிய நாடக நடிகை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அது தொழில்முறை நடிகர்களுக்கு மட்டுமான வகுப்பு. ஃபால்க் தானும் நடிகர்தான் என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டார். வேலை முடித்து ஹார்ட்ஃபோர்டிலிருந்து காரோட்டி வர வேண்டும், அதனால் ஒவ்வொரு முறையும் தாமதம். ஒருநாள் அந்த அம்மையார் பிடித்துக்கொண்டார்: ஏன் எப்போதும் லேட்? ஹார்ட்ஃபோர்டிலிருந்து வருகிறேன் என்றார் இவர். ஹார்ட்ஃபோர்டில் நாடகமே கிடையாதே, அங்கே நீங்கள் என்ன நடிக்கிறீர்கள்? இவர் வசமாக மாட்டிக்கொண்டார். நான் நடிகன் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன பதில்: அப்படியென்றால் ஆகிவிடுங்கள்.

கவனித்தீர்களா? ஒரு சாதாரணக் கேள்வி, அதன் வாலில் இன்னொரு கேள்வி, எதிராளி தானே உண்மையைக் கக்குகிறார். பின்னாளில் கொலம்போ செய்த விசாரணைகளின் அச்சு இதுதான். என்ன, அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது ஃபால்க்.

அரசு வேலையை விட்டுவிட்டு நியூயார்க் நாடக மேடைக்குப் போனபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சினிமாவுக்கு முயன்றபோது கொலம்பியா ஸ்டூடியோ அதிபர் ஹாரி கோன் கதவைச் சாத்தினார். அதே சம்பளத்துக்கு எனக்கு இரண்டு கண் உள்ள நடிகர் கிடைப்பாரே என்றாராம். சில வருடத்தில் நிலைமை தலைகீழ். 1960இல் 'மர்டர், இன்கார்ப்பரேட்டட்' படத்தில் கூலிக்கொலைகாரன் வேடம், துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த ஆண்டே ஃபிராங்க் காப்ராவின் 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்', இன்னொரு பரிந்துரை. முதல் ஆண்டு விழாவில் மேடையில் பீட்டர் என்ற பெயர் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழப் போய்விட்டார். அழைத்தது பீட்டர் உஸ்தினோவை. தொலைக்காட்சி கைவிடவில்லை. தக்காளி லாரி ஓட்டுநராக நடித்த ஒரு நாடகத்துக்கு 1962இல் முதல் எம்மி விருது வந்தது.

[திரையில்: கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாற்றம்.]

இப்போது கொலம்போவுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரட்டையர். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரிதான் விதை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஃபால்க்குக்கு முன்னாலேயே 1960இல் பெர்ட் ஃபிரீட் தொலைக்காட்சியிலும், அப்புறம் தாமஸ் மிட்செல் மேடையிலும் கொலம்போவாக வந்துவிட்டார்கள். 1968இல் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என்ற தொலைக்காட்சிப் படம் எடுத்தபோதும் முதலில் யோசித்த பெயர்கள் லீ ஜே. காப், பாடகர் பிங் கிராஸ்பி. அதாவது கொலம்போ வேடத்துக்கும் ஃபால்க் வரிசையின் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்.

அந்தப் புகழ்பெற்ற வாசல் திருப்பம் எப்படிப் பிறந்தது தெரியுமா? இரட்டையர் ஒரு காட்சியை டைப் அடித்து முடித்துவிட்டார்கள், கொலம்போ வெளியே போய்விட்டார். பார்த்தால் காட்சி நீளம் போதவில்லை. மொத்தப் பக்கத்தையும் மறுபடி அடிக்கச் சோம்பல். போனவரையே திரும்ப உள்ளே கூட்டி வந்து இன்னும் ஒரு விஷயம் என்று பேச வைத்துவிட்டார்கள். டைப்ரைட்டர் காலத்துச் சோம்பலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

தொடராக 1971 செப்டம்பரில் தொடங்கியது. முதல் அத்தியாயத்தின் இயக்குநர் 24 வயதுப் பையன், பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கொலையுண்டவர் ஒரு துப்பறியும் கதாசிரியர், கொன்றவர் அவருடன் சேர்ந்து எழுதும் கூட்டாளி. கொலம்போ என்ன செய்கிறார்? கொலையுண்டவரின் பயந்துபோயிருக்கும் மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போய், அவர் சமையலறையில் புகுந்து ஆம்லெட் போடுகிறார். பேச்சோடு பேச்சாக முட்டையை உடைத்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாக நழுவ விடுகிறார். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, எல்லாம் ஒரு வாணலிக்குள்.

கொலைகாரன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். முதல் இருபது நிமிடம் கொலம்போ கண்ணிலேயே படாத அத்தியாயங்கள் உண்டு. கதாநாயகன் இவ்வளவு தாமதமாக வரும் தொடர் ஓடாது என்று எந்தத் தயாரிப்பாளரும் சத்தியம் செய்வார். ஓடியது. ஏனென்றால் அதற்குள் நாம் கொலைகாரனின் பக்கம் சாய்ந்திருப்போம், அவனுடைய அழகான வீட்டில் உட்கார்ந்து, அவனுடைய புத்திசாலித்தனத்தை ரசித்துக்கொண்டு. அப்போது வாசலில் இந்த அழுக்குக் கோட்டு வந்து நிற்கும்.

அந்தக் கோட்டு ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. நியூயார்க் 57ஆம் தெருவில் மழையில் மாட்டிக்கொண்டபோது 15 டாலருக்கு வாங்கியது. மழையே அபூர்வமான லாஸ் ஏஞ்சலஸில் அதை மாட்டிக்கொண்டு திரிந்தார். பழைய பெஷோ 403 காரையும் ஸ்டூடியோ கொட்டகையில் நின்றவற்றிலிருந்து அவரே பொறுக்கினார். நாய் மட்டும் வேண்டாம் என்றார். ஏற்கெனவே கோட்டு, சுருட்டு, கார் என்று போதுமான வித்தைகள் இருக்கின்றன என்பது அவர் வாதம். பிறகு அந்த பாசெட் ஹவுண்டை நேரில் பார்த்தார். காது தொங்க, எச்சில் வடிய, எதிலும் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருந்தது. சரி, வரட்டும் என்றுவிட்டார்.

ஆனால் இதெல்லாம் வெளிப்பூச்சு. ஃபால்க்கின் உண்மையான கைவரிசை வேறு. படப்பிடிப்பில், வசனத்துக்கு நடுவே, எழுதப்படாத ஒன்றைச் செய்வார். பென்சில் எங்கே என்று கோட்டுப் பைகளைத் துழாவுவார். எதிரில் நிற்கும் நடிகருக்கு இது ஒத்திகையில் இல்லையே என்று முகம் கடுக்கும். கேமரா அந்த எரிச்சலை அப்படியே எடுத்துக்கொள்ளும். கொலைகாரன் முகத்தில் நாம் பார்த்த பொறுமையின்மை பல நேரம் நடிப்பே இல்லை. இன்றைய தொடர்களில் எடிட்டர் வெட்டித் தள்ளும் அந்தப் பத்து விநாடித் துழாவலில்தான் இந்த மனிதர் நான்கு எம்மி வாங்கினார் என்பேன். முன்னே சொன்ன தக்காளி லாரியைச் சேர்த்தால் மொத்தம் ஐந்து.

[திரையில்: மங்கலான வண்ணம். சாப்பாட்டு மேசை.]

கொலம்போ தந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். நண்பர் ஜான் கசவெட்டஸ் ஸ்டூடியோக்களை நம்பாமல் சொந்தக் காசில் படம் எடுப்பவர். 1974இல் வந்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃபுளுயன்ஸ்' படத்துக்கு கசவெட்டஸ் வீட்டை அடமானம் வைத்தார், ஃபால்க் 5 லட்சம் டாலர் போட்டார். நடிக்கவும் செய்தார், கட்டடத் தொழிலாளி நிக்காக.

ஒரு காட்சி. இரவு முழுக்க வேலை பார்த்த கூட்டாளிகளை நிக் காலையில் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மனைவி மேபல் எல்லோருக்கும் ஸ்பாகெட்டி சமைத்துப் போடுகிறாள். கலகலப்பு, பாட்டு. மேபலின் உற்சாகம் ஒரு கட்டத்தில் எல்லை தாண்டுகிறது, ஒருவரிடம் கொஞ்சம் அதிகமாக ஒட்டிக்கொள்கிறாள். நிக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சட்டென்று கத்துகிறான். மேசை முழுக்க அமைதி. இங்கே கொலம்போவின் குழைவு ஒரு துளி கிடையாது. அன்பு இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாத முரட்டுத்தனம் இருக்கிறது. மேபலாக நடித்த ஜீனா ரோலண்ட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஃபால்க்கைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அவருடைய சிறந்த நடிப்பு இதுதான் என்பது என் கட்சி. கொலம்போ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

1978இல் தொடர் நின்றது. 1979இல் ஆலன் ஆர்க்கினோடு 'தி இன்-லாஸ்', நல்ல சிரிப்புப் படம். 1987இல் இரண்டு. 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தில் காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்குக் கதை படிக்கும் தாத்தா. இன்னொன்று பெர்லினில், விம் வெண்டர்ஸ் இயக்கிய 'விங்ஸ் ஆஃப் டிசையர்'. அதில் ஃபால்க் தானாகவே வருகிறார்: படப்பிடிப்புக்கு வந்த அமெரிக்க நடிகர், தெருப் பையன்கள் கொலம்போ என்று கூப்பிடும் ஆள். ஆனால் ஒரு ரகசியம், அவர் முன்னாள் தேவதூதர். காபிக் கடையோரம் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு தேவதூதரிடம் பேசுகிறார். உன்னைப் பார்க்க முடியவில்லை, ஆனால் இங்கே இருக்கிறாய் என்று தெரியும் என்கிறார். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொள்வது எவ்வளவு சுகம் என்று செய்து காட்டுகிறார். வானுலகத்தை விட்டு வந்ததற்கு அவர் சொல்லும் காரணங்கள் காபி, சிகரெட், இந்த மாதிரிச் சின்னச் சின்ன சங்கதிகள்தான்.

1989இல் கொலம்போ வேறொரு சேனலில் திரும்பி வந்தார். எல்லாம் சேர்த்து 69 கதைகள். பிந்தைய கதைகள் பழையவற்றுக்கு உறை போடக் காணாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 1997இல் வந்த ஒன்றில், சக அதிகாரியிடம் கொலம்போ போகிற போக்கில் சொல்வார்: ஒரு கண்ணைவிட மூன்று கண் நல்லது. கால் நூற்றாண்டாகத் திரையில் வாய் திறக்காத ரகசியம் அந்த ஒரு வரியில் வந்து விழுந்தது.

கடைசிக் கதை 2003 ஜனவரியில் ஒளிபரப்பானபோது அவருக்கு 75 வயது. அப்புறம் அல்சைமர் நோய். 2011 ஜூன் 23 அன்று பெவர்லி ஹில்ஸ் வீட்டில் காலமானார்.

[திரையில்: புடாபெஸ்ட் தெரு, மாலை வெளிச்சம்.]

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் ஃபால்க் மிக்சா என்று ஒரு தெரு. 19ஆம் நூற்றாண்டு அரசியல்வாதி ஒருவரின் பெயர், நம் ஃபால்க்குக்கு உறவு என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பெயர் ஒத்துப்போனது போதாதா? தெருமுனையில் வெண்கலக் கொலம்போ நிற்கிறார். எதையோ மறந்துவிட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு. காலடியில் அந்த பாசெட் ஹவுண்ட். சிலை வைத்தது 2014இல். அங்கேயும் மூன்று வருடம் லேட்.