ராத்திரி அழுகைக்கு ரெண்டு பேரும் எழணும்

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைத் தாய்மார்களே, தகப்பன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். "குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கும் இரவுகளில் பொறுப்பு தாய்க்கா, இருவருக்குமா?" இதுதான் தலைப்பு. தாய்க்கே என்று பேசிவிட்டு அமர்ந்த எதிரணித் தோழர் மூன்று காரணம் வைத்தார். பால் தாயிடம்தான் இருக்கிறது. அப்பா விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். இரண்டு கை பட்டால் குழந்தை குழம்பிவிடும்.

முதலில் பால். பிறந்த குழந்தையை யாரும் தூங்கப் பழக்குவதில்லை. 4 மாதத்துக்கு முன்னால் அந்தப் பேச்சே கூடாது. பசித்து எழுகிற குழந்தைக்கு எத்தனை தடவை ஆனாலும் பால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 5, 6 மாதத்தில், எடை சரியாக ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு தொடங்குவது நல்லது. அந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50, 60 நிமிடம். சுற்று முடிகிற இடத்தில் குழந்தை லேசாக விழிக்கும். கண் மூடும்போது கூட இருந்தது இப்போதும் இருக்கிறதா என்று தேடும். மார்பில் வாய் வைத்தபடி தூங்கியிருந்தால் மார்பைத் தேடும். தூளி ஆடும்போது தூங்கியிருந்தால் அந்த ஆட்டத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் அழும். அந்த அழுகை பசி அழுகை இல்லை, நடுவர் அவர்களே. அதற்கு அம்மா போய்க் குனிந்தால் பால் வாசனை பட்டதும் குழந்தை மார்பைத்தான் கேட்கும். கொடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது தாய்க்கும் வேதனை, பிள்ளைக்கும் வேதனை. அப்பா போனால் அந்தப் போராட்டமே இல்லை. எதிரணி எந்தக் காரணத்தைச் சொல்லி அப்பாவை விலக்கியதோ, அதே காரணத்துக்காகத்தான் நாங்கள் அவரை அழைக்கிறோம்.

ஆகவே முன்னிரவை இப்படிப் பிரிக்கலாம். 7 மணிக்கு அம்மா பால் கொடுக்கட்டும், விளக்கு எரியும்போதே, குழந்தை முழித்திருக்கும்போதே. பிறகு அப்பா வாங்கிக்கொள்ளட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போட்டு, ஒரே பாட்டைத் தினமும் பாடி, கண் சொக்கும்போது படுக்க வைக்கட்டும். முழுக்கத் தூங்கிய பிறகு படுக்க வைத்தால் பழக்கமே நடக்காது. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். சமமான, அமுங்காத தனிப் படுக்கை, தலையணை கிடையாது, கொசுவலையை நான்கு பக்கமும் செருகி விட வேண்டும். ராத்திரி முழுக்கத் தூளியில் விடுவது எனக்குச் சம்மதம் இல்லை. துணி வளைந்து தாடை நெஞ்சில் முட்டும், மூக்கை மூடும். புரளத் தொடங்கிய குழந்தை கீழே விழவும் செய்யும். ஆயா சங்கடப்படுவார்கள்தான், எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரவுப் பாலையும் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். 10 நிமிடம் குடிக்கிற குழந்தைக்கு இரண்டு இரவு 8 நிமிடம், அடுத்த இரண்டு இரவு 6 நிமிடம். அம்மாவுக்கு ஓய்வு வேண்டுமென்றால் பீய்ச்சிய பாலை அப்பா கொடுக்கலாம். ஆனால் வெளியில் 4 மணி நேரம் வைக்கலாம் என்ற கணக்கு 25 டிகிரி வரைக்கும்தான். நம்ம ஊர் சித்திரை ராத்திரிக்கு அது செல்லாது. பீய்ச்சியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள் தாங்கும். கொடுக்கும்போது சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்க வேண்டும்.

அடுத்தது இரண்டு கைக் குழப்பம். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்பா 40 நிமிடம் தட்டிக்கொடுத்துக் காத்திருக்க, மனசு தாங்காமல் அம்மா ஓடிவந்து தூக்கினால், 40 நிமிடம் அழுதால் தூக்குவார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். மறுநாள் 50 நிமிடம் அழும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது இரவில்தான் அழுகை முதல் நாளைவிடக் கூடும். "இது நம்ம புள்ளைக்கு ஒத்து வரல" என்று வீடுகள் கைவிடுவதும் அங்கேதான். கெடுப்பது இரண்டு கை இல்லை, இரண்டு முறை. பகலில் உட்கார்ந்து ஒரே முறையைப் பேசி, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காய்ச்சல், வாந்தி, மூச்சு வாங்குதல் தவிர வேறு எதற்கும் நடுராத்திரியில் அதை மாற்றக் கூடாது.

எந்த முறை? 3 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் என்று வெளியே நின்று, இடையிடையே போய்ச் சமாதானம் சொல்லும் முறை தனி அறை இருக்கிற வீட்டுக்கு. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் குடும்பமே படுக்கிற வீட்டில் எங்கே வெளியே போவது? சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. நமக்குப் பொருந்துவது உட்கார்ந்து நகர்கிற முறை. முதல் மூன்று இரவு அப்பா படுக்கையை ஒட்டி உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்திருப்பார், தூக்க மாட்டார். அடுத்த மூன்று இரவு கையை எடுத்துவிட்டுக் குரல் மட்டும். பிறகு மூன்று இரவுக்கு ஒரு முழம் பின்னால். இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும், அழுகை குறைவு. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, அப்போது எழ வேண்டாதவர் அதற்கு அந்தப் பக்கம் படுக்கலாம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இப்படிப் பழக்கினால் பிள்ளை மனசு பாதிக்காதா என்று எதிரணித் தோழர் உருக்கமாகக் கேட்டார். ஆஸ்திரேலியாவில் 326 குழந்தைகளை வைத்துத் தொடங்கி, அவர்களில் 225 பேரை 6 வயதில் மறுபடி பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. பழக்கிய குழந்தைகளுக்கும் பழக்காத குழந்தைகளுக்கும் மனநலத்திலோ பெற்றோரிடம் உள்ள ஒட்டுதலிலோ வேறுபாடு காணப்படவில்லை.

கடைசியாக வேலை. 2017 சட்டத் திருத்தத்தில் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 26 வாரம் என்றால் 6 மாதம். பழக்கத் தொடங்குகிற அதே நேரத்தில் தாயும் வேலைக்குத் திரும்புகிறாள். மீன் விற்கிறவளுக்கும் வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கும் அந்த விடுப்பும் கிடையாது. பகல் முழுக்க உழைப்பவர் இருவர் என்றால், ராத்திரி எழுவது மட்டும் ஏன் ஒருத்தி?

ஒவ்வொரு அழுகைக்கும் மாறி மாறி எழாதீர்கள், இருவர் தூக்கமும் கெடும். 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். ஆளுக்கு 5 மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூக்கம் கிடைக்கும். ஹார்பரில் காலை ஷிஃப்ட் பார்க்கிறவர் முன்பாதியை எடுக்கட்டும், நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலைத் தூக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவர் என்ன செய்வார் என்று கேட்டார்கள். அவர் இரவு 7 மணிக்குப் படுக்க வைத்துவிட்டுத் தானும் படுக்கட்டும். முதல் தூக்கத்தில் கற்றதைத்தான் குழந்தை நடுராத்திரியிலும் செய்யும், அதனால் ராத்திரியின் முக்கியமான வேலையை அவர் முடித்துவிட்டார். காலை பத்து மணிக்கு வீடு திரும்பியதும் பகல் தூக்கத்துக்கும் அவரே படுக்க வைக்கலாம், தாய் அந்த நேரத்தில் கண்ணயரலாம். அந்தப் பகல் தூக்கத்தை எதிரணி கணக்கிலேயே சேர்க்கவில்லை, நடுவர் அவர்களே.